அரைநிலாப் பலகை

பெல் ஃபோர்க் ஊரில் டெல்ஃபின் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், காபி இயந்திரத்துக்கு மேலே ஒரு கரும்பலகை தொங்குகிறது. குறி பார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் ஸ்கோப் என்கிற தொலைநோக்கிக் குழாய் யாரையெல்லாம் கடித்ததோ, அவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். குண்டு கிளம்பும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். கண்ணை ஸ்கோப்புக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்திருப்பவனின் புருவத்தில் அதன் விளிம்பு வந்து குத்தி, பிறை வடிவத்தில் ஒரு வெட்டு விழும். வெட்டு காய்வதற்குள் கடைக்கு வந்து காட்டினால், ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுட்ட பை என்கிற பலகாரம் ஒரு துண்டு இலவசம். பெயரைப் பலகையில் எழுதி, பக்கத்தில் சாக்கட்டியால் ஓர் அரைநிலா போடுவாள் டெல்ஃபின். பை செரித்துவிடும், பெயர் அழியாது. ஊர்ப் பாதிரியார் அதில் இரண்டு முறை இருக்கிறார். செத்துப்போன ஹல்வர்சனின் பிறை அத்தனை ஆழமாம், மழையில் நனைந்து வந்து உட்கார்ந்தால் அதில் தேங்கிய தண்ணீரைக் குருவி குடித்துவிட்டுப் போகுமாம். குருவியைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஆரின் ட்வெய்ட்டின் பெயருக்குப் பக்கத்திலும் இரண்டு அரைநிலா உண்டு. அறுபத்து நான்கு வயதில் அவர் பயந்தது மூன்றாவதற்கு.

ஜூன் மாதம் ஒரு கடிதம் வந்தது. மலையில் திரியும் பெருங்கொம்புக் காட்டாட்டுக் கடா ஒன்றை வேட்டையாட அனுமதிக்கும் குலுக்கலில் அவர் பெயர் விழுந்திருந்தது. மொன்டானாவில் அந்தச் சீட்டுக்கு மனுப் போட்டுப் போட்டே செத்தவர்கள் அதிகம். ஆரின் முப்பத்து மூன்று வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தார். கிடைத்தால் மாமனாரின் துப்பாக்கியால்தான் அந்தக் கடாவைச் சுடுவேன் என்று முப்பத்து மூன்று வருஷமாக டெல்ஃபின் கடையில் சொல்லியும் வந்திருந்தார். சீட்டு கிடைக்காது என்ற தைரியத்தில் சொன்னது.

மாமனாரின் துப்பாக்கிக்கு ஊரில் 'கோவேறு கழுதை' என்று பெயர். அதன் உதை அப்படி. மாமனார் ஒருமுறை வேட்டை வட்டத்தின் எல்லையோரம் நின்று அதைச் சுட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தால், பக்கத்து வட்டத்தில் உட்கார்ந்திருந்தாராம். அங்கே அவருக்கு உரிமம் இல்லை. வன அதிகாரி எழுதிக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதம் இன்றைக்கும் அவர் மகள் லோர்னாவின் பெட்டியில் இருக்கிறது. அந்த லோர்னாதான் ஆரினின் மனைவி.

விஷயம் இதோடு நின்றிருந்தால் ஆரின் சந்தோஷமாகவே இருந்திருப்பார். ஆனால் மார்ச் மாதம் மிசூலா நகரத்து ஆஸ்பத்திரியில் அவருடைய வலது கண்ணுக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தது. இடது கண் பத்தொன்பது வயதிலேயே போய்விட்டது. வேலி அடிக்கும்போது தெறித்த கம்பி அது. அதற்குத் தெரிவதெல்லாம் வெளிச்சமா இருட்டா என்பது மட்டும். ஆக, இருந்தது ஒரு கண். அதற்குள் புது வில்லையை வைத்த டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, வில்லை நன்றாக இருக்கிறது, விழித்திரைதான் சிகரெட் தாள் மாதிரி மெலிசாக இருக்கிறது, புருவத்தில் பலமாக ஓர் அடி பட்டால் கிழிந்துவிடும், கிழிந்தால் ஒட்டுவது உறுதி இல்லை என்று சொன்னார். பிறகு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். தோட்டம் போடுகிறேன் என்றார் ஆரின்.

லோர்னா வெளியே வண்டியில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏறி உட்கார்ந்தவர், கண் குதிரைக்குட்டிக் கண் மாதிரி ஆகிவிட்டதாக டாக்டர் சொன்னார் என்றார். அவள் தலையாட்டிவிட்டு ஏழு எழுத்தில் ஒரு பறவை கேட்டாள்.

வேறு துப்பாக்கி எடுத்துக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. ஆனால் எடுத்தால் டெல்ஃபின் கடையில் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் கண்ணைச் சொல்ல வேண்டும். கண்ணைச் சொன்னால், அவர் வீடு போய்ச் சேர்வதற்கு முன்னால் அது லோர்னாவிடம் போய்ச் சேர்ந்திருக்கும். லோர்னா சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவாள். துப்பாக்கியில் குறி பார்க்க இருக்கும் பழைய இரும்பு முனையும் இனி உதவாது. புது வில்லை தூரத்தைக் காட்டியது, கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதையெல்லாம் கஞ்சியாக்கிவிட்டது. ஸ்கோப் போட்டே ஆக வேண்டும். அதுவும் கடிக்காத ஸ்கோப்.

ஆகஸ்ட் முதல் வாரம் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பெல்கியின் பட்டறைக்குப் போனார். பெல்கி பழைய பால் பண்ணைக் கட்டடத்தில் துப்பாக்கி பழுது பார்க்கிறவர். ஆரினோடு ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அன்று முதல் ஆரின் சொல்வது எதையும் நம்பாதவர்.

ஆரினின் கை முதலில் போனது அடுப்புப் புகைக்குழாய் அளவில் இருந்த ஒரு ஸ்கோப்பின் மேல். ஜன்னல் வழியாகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். அதன் மேல் காதலர்கள் கிறுக்கிய பெயர்கள் தெரிந்தன. இன்னும் திருகினார். எழுத்துப்பிழைகள் தெரிந்தன.

"கீழ வைடா அத," என்றார் பெல்கி. "பெரிசாக்கப் பெரிசாக்க கண்ணு கிட்ட வந்தாத்தான் அதுல முழுசாத் தெரியும். கடைசி முறுக்குல மூணு அங்குலம் கூட மிஞ்சாது. கழுதை எவ்வளவு தூரம் உதைக்கும்னு உன் நெத்தியக் கேளு."

"கடா அரை மைல் தள்ளி நிக்கும்டா."

"நிக்கட்டும். நீ நடந்து போ. கால் எதுக்கு இருக்கு?"

கடைசியில் பெல்கி அலமாரிக்கு அடியிலிருந்து குட்டையாக ஒன்றை எடுத்தார். இரண்டு மடங்கிலிருந்து ஏழு மடங்கு வரைதான் காட்டும். ஆனால் எந்த மடங்கில் வைத்தாலும் கண்ணை நான்கு அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டே வட்டம் முழுதும் பார்க்கலாம். ஆரின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அஞ்சு அங்குலத்தில் இருக்கிறதா என்று வானிலை விசாரிக்கும் குரலில் கேட்டார். ஆறு? சும்மாத்தான் கேட்கிறேன், ஏழு?

பெல்கி கண்ணாடியைக் கழற்றினார். "என்னடா, கண்ணுல ஏதாச்சுமா?"

"தூசி," என்றார் ஆரின்.

துப்பாக்கி வெடிக்காதபடி அதன் பூட்டுத் தண்டை உருவி மேசையில் வைத்துவிட்டு, பெல்கி ஸ்கோப்பை வளையங்களில் தளர்வாக உட்கார வைத்தார். ஆரின் துப்பாக்கியை எடுத்துத் தன் தோளில் பதித்துக் குறி பார்த்தார். "நிறுத்து," என்றார் பெல்கி. ஆரின் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை. நவம்பரில் மலை மேல் இதையா போட்டுக்கொண்டு நிற்பாய், கம்பளிக் கோட்டின் தடிமன் துப்பாக்கியை முன்னால் தள்ளாதா, அப்போது கண் எட்டாமல் கழுத்தை நீட்டுவாய், நீட்டின கழுத்தைத்தான் கழுதைக்குப் பிடிக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லி, வீட்டுக்குப் போய் வேட்டைக்குப் போடுவது எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

அன்றைக்கு வங்கி வாசலில் இருந்த வெப்பமானி ஃபாரன்ஹீட்டில் தொண்ணூற்றெட்டு காட்டியது. ஆரின் நீளமான உள்ளாடை, இரண்டு கம்பளிச் சட்டை, சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கனத்த கோட்டு, அதன் மேல் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு மேலாடை, காது மூடும் தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு நடுத்தெரு வழியாக நடந்து வந்தார். தெருநாய்கள் அவர் நிழலில் படுக்க வந்து, சூடு தாங்காமல் எழுந்து போயின. அவர் வியர்வை சொட்டிய வழியில் புல் முளைத்து, செப்டம்பரில் நகராட்சி அதை வெட்ட வேண்டி வந்தது. கடை வாசலில் நின்றிருந்த டெல்ஃபின் நிதானமாகப் பார்த்துவிட்டு, "என்ன கிழவா, உடம்புக்கு முடியலையா, இல்ல தேதி தெரியலையா?" என்று கேட்டாள். உள்ளே போய்ப் பலகையில் ஆரின் பெயருக்குப் பக்கத்தில் மூன்றாவது அரைநிலாவுக்கு இடம் விட்டுப் புள்ளி வைத்தாள்.

பட்டறையில் பெல்கி அவரைக் கண்ணை மூடச் சொன்னார். மூடிக்கொண்டே துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்து, கன்னம் எங்கே சுகமாக உட்காருகிறதோ அங்கே உட்கார விட வேண்டும். பிறகுதான் திறக்க வேண்டும். முதல் தடவை திறந்தபோது ஓரமெல்லாம் கறுப்பு. பெல்கி ஸ்கோப்பைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். மறுபடி மூடி, மறுபடி திறந்து, பதினோராவது தடவை வட்டம் விளிம்பு வரை வெளிச்சமாக நின்றது. புருவத்துக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே நாலு அங்குலம். பெல்கி ஸ்கோப்பின் குழாயில் வெள்ளை டேப் ஒட்டி, வளையம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே பென்சிலால் ஒரு கோடு கிழித்துத் திருகுகளை முடுக்கினார்.

"இந்தக் கோட்டுல இருந்து நகத்தாத. மேட்டைப் பாத்துச் சுடறப்ப படுக்காத, உக்காந்து சுடு. படுத்தா துப்பாக்கிக் கட்டை தோள்ல இருந்து வழுக்கும், கண்ணு தானா முன்னால ஊர்ந்து போகும்."

ஆரின் சரி சரி என்றார். அந்த வாக்கை மறுநாள் சாயங்காலம் வரை காப்பாற்றினார்.

மறுநாள் சமையலறை மேசையில் உட்கார்ந்து பார்த்தபோது நான்கு அங்குலம் மூன்று மாதிரி தெரிந்தது. திருப்புளியை எடுத்து வளையத்தைத் தளர்த்தி, காகிதத் தீக்குச்சி ஒன்றின் தடிமன் அளவுக்கு ஸ்கோப்பை முன்னால் தள்ளினார். ஒரு தீக்குச்சியால் என்ன வந்துவிடப் போகிறது. இரண்டு நாள் கழித்து இன்னொரு தீக்குச்சி. டாக்டரின் சிகரெட் தாள் நினைவுக்கு வரும்போதெல்லாம் ஒன்று. தூரம் கூடக் கூட மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தார். ஆகவில்லை. திருப்புளி, தான் வைத்த இழுப்பறையில் வேறு திசையைப் பார்த்துக் கிடப்பது போல ஓரிரு முறை தோன்றியது. எலி என்று நினைத்துக்கொண்டார்.

பதினோரு தீக்குச்சி ஆனபோது, கோட்டிலிருந்து பார்த்தால் இருபத்திரண்டு தள்ளியிருந்தது. எண்ணிக்கையில் தான் எப்போதுமே மந்தம் என்று சமாதானம் செய்துகொண்டார். ஸ்கோப்புக்குள் இப்போது பெரிய கறுப்பு வளையமும் நடுவில் நாணயம் அளவு வெளிச்சமும் இருந்தன. கழுத்தை ஆமை மாதிரி நீட்டினால் மட்டும் நாணயம் தட்டாகும். நீட்டினார்.

செப்டம்பர் மத்தியில் ஊருக்கு வெளியே ஜல்லிக் குழிக்குச் சுட்டுப் பார்க்கப் போனார். ஸ்கோப் தொடுகிறதா என்று தெரிய ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். லோர்னாவின் உதட்டுச்சாயத்தை எடுத்து ஸ்கோப்பின் பின்விளிம்பில் வட்டமாகப் பூசினார். தொட்டால் புருவத்தில் பதியும். வண்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். முதல் குண்டு போகும்போது பயத்தில் கண்ணை மூடிவிட்டார். அது காகிதத்தில் படவில்லை, பலகையில் படவில்லை, குழியிலேயே படவில்லை. நாலு நாள் கழித்து எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவில் ஒருவர் தன் தபால் பெட்டியைக் காணோம் என்று புகார் கொடுத்ததாகக் கேள்வி. எட்டி நின்று வண்டிக் கண்ணாடியில் பார்த்தார். வலது புருவத்தின் மேல் சுத்தமாக ஒரு சிவப்பு வில். ரத்தம் இல்லை, வலியும் இல்லை. முத்தம் போலத் தொட்டுவிட்டுப் போயிருந்தது.

இத்தனை தூரம் தள்ளியும் தொடுகிறதென்றால், அடுத்த முறை தொடுவதோடு நிற்காது. வண்டியில் உட்கார்ந்து இடது கையால் வலது கண்ணை மூடிப் பார்த்தார். மலை போயிற்று, குழி போயிற்று, வெளிச்சம் மட்டும் பழுப்பாக மிஞ்சியது. லோர்னாவின் முகம் இனிமேல் இப்படித்தான் என்று நினைத்தார். கையை எடுக்க நேரமாயிற்று. பிறகு முகத்தை அவசரமாகத் துடைத்தார். கிட்டத்தில் எல்லாம் கஞ்சியாகத் தெரிகிறவர் துடைத்த லட்சணத்தில் பாதி வில் அப்படியே நின்றது.

அந்தப் பாதியோடு டெல்ஃபின் கடைக்குள் போய்விட்டார். டெல்ஃபின் காபிக் கெண்டியைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தாள். "இது அரைநிலா இல்ல, கிழவா. இதுக்குப் பை கிடையாது. இதுக்கு வீட்டுல என்ன கிடைக்கும்னு எனக்குத் தெரியும்." கடை சிரித்தது. வீடு போனார். செய்தி அவருக்கு முன்னால் போயிருந்தது.

லோர்னா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமல் அவர் புருவத்தையே பார்த்தாள்.

"சாயம் என்னோடதுதான். ஆனா அந்த எடத்துல நான் எப்ப முத்தம் குடுத்தேன்?"

பொய் சொல்ல அவருக்கு ஆறு வழி தெரியும். ஆறிலும் இன்னொரு பெண் வந்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, டாக்டர் பேனாவை மூடியதிலிருந்து உதட்டுச்சாயம் வரை எல்லாவற்றையும் சொன்னார். சிகரெட் தாள் என்று சொல்லும்போது புருவத்தில் மிஞ்சிய சாயத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். சீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் அனுப்பிவிடு, நானே கடிதத்தை எடுத்துத் தருகிறேன் என்றார்.

லோர்னா ஓர் உருளைக்கிழங்கை முழுதாக உரித்து முடித்தாள்.

"எனக்கு மார்ச்சுலயே தெரியும் ஆரின். ஆஸ்பத்திரி ஆளு வண்டிக்கே வந்து, என்கிட்ட ஒரு தாளைக் குடுத்து கையெழுத்து வாங்கிட்டுப் போனாரு. அடி படாமப் பாத்துக்கங்கன்னு அதுல பெரிய எழுத்துல போட்டிருந்துச்சு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"அப்ப ஏன் போகாதேன்னு சொல்லல?"

"முப்பத்து மூணு வருசமா அந்தக் கடாவோடதான் நானும் குடித்தனம் பண்றேன். போகாதேன்னா இன்னும் முப்பது வருசம் அதையே பேசுவ." கத்தியை வைத்தாள். "அதான், நீ காபிக்குப் போறப்பல்லாம் நானும் அந்த ஸ்கோப்பைக் கொஞ்சம் முன்னால தள்ளி வெச்சேன்."

"எவ்வளவு?"

"ஒவ்வொரு தடவையும் ஒரு தீக்குச்சி."

ஆரின் கொண்டுவந்து மேசை மேல் வைத்திருந்த துப்பாக்கியை இருவரும் பார்த்தார்கள். அதன் ஸ்கோப், வீட்டை விட்டு ஓடிப்போகப் பார்க்கிற மாதிரி துப்பாக்கிக் குழாயின் முனையை நோக்கி நகர்ந்து நின்றது. எலியின் மேல் இருந்த பழி அன்றோடு நீங்கியது.

லோர்னா துப்பாக்கிக்காரர் மகள். பென்சில் கோட்டைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்தது. தூரத்தில் வைத்தால் நீ கழுத்தை நீட்டுகிறாய், நீட்டினால் கடிக்கத்தானே செய்யும், பயந்து பயந்து நாம் இரண்டு பேருமாகக் கழுதையின் காலடியில் உன் முகத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறோம் என்றாள். கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். கண்ணை மூடு, கன்னத்தை வை, திற. வளையம் மறுபடி கோட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது வட்டம் முழு வெளிச்சமாக இருந்தது. அவர் புருவத்துக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே லோர்னா தன் விரல்களை நுழைத்துப் பார்த்தாள். அவள் அப்பாவின் கை அவளுக்கு. நாலு விரலும் போய், இன்னும் இடம் இருந்தது. மறுநாள் பெல்கி புதிய டேப் ஒட்டி, திருகுகளின் தலையில் நகச்சாயம் வைத்துப் பூட்டினார். அந்த வாரமே ஜல்லிக் குழியில் பதினைந்து குண்டு சுட்டதில் புருவம் சுத்தமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஆரினின் தலை தானாக முன்னால் ஊர முயன்றதை லோர்னா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் ஒன்பதாம் தேதி காலை, ஆரினும் லோர்னாவும் மூன்று மணி நேரம் மலை ஏறிய பிறகு, கடா தெரிந்தது. செங்குத்தான பாறைச் சரிவில், அவர்களுக்கு மேலே இருநூறு கஜத்தில், பக்கவாட்டாக நின்று மென்றுகொண்டிருந்தது. முப்பத்து மூன்று வருஷம் காத்திருந்தது தானும்தான் என்கிற மாதிரி ஒரு சலிப்பு அதன் முகத்தில். ஆரின் படுக்கப் போனார். லோர்னா அவர் கோட்டுக் காலரைப் பிடித்து உட்கார வைத்து, தன் முட்டிகளை அவருக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துப் பின்னால் உட்கார்ந்தாள்.

ஆரின் கண்ணை மூடினார். கன்னத்தை வைத்தார். திறந்தார். வட்டம் முழுதாக இருந்தது, கடா அதன் நடுவில் இருந்தது. ஆனால் இதயம் அடித்த அடியில் வட்டம் குலுங்க, இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் நன்றாகத் தெரியும் என்று கழுத்து சொன்னது. அவர் போக வேண்டாம் என்றுதான் நினைத்தார். கழுத்து கேட்கவில்லை. ஓரத்தில் கறுப்பு எட்டிப் பார்த்தது. டாக்டரின் பேனா மூடும் சத்தம் அவருக்குக் காதிலேயே கேட்டது.

அப்போது தொப்பி பின்னால் இழுபட்டது. லோர்னா அதன் இரண்டு காதுமூடிகளையும் குதிரைக்குக் கடிவாளம் பிடிப்பது போலப் பிடித்திருந்தாள். தலை இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. கறுப்பு போயிற்று.

"அங்கயே இரு," என்றாள் காதருகில். "நான் பிடிச்சிருக்கேன்."

ஆரின் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு விசையை அழுத்தினார்.

கழுதை உதைத்தது. மலை ஒரு முறை உட்கார்ந்து எழுந்தது. சத்தம் அடங்கியபோது கடா நின்ற இடத்திலேயே விழுந்து கிடந்தது. ஆரின் கையுறையைக் கழற்றிப் புருவத்தைத் தடவினார். ஈரம் இல்லை. பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் ஒரு மரம் தெரிந்தது. மரத்தில் ஒரு கிளை, கிளையில் ஒரு காகம், காகத்தின் கால்கள் தெரிந்தன. "தெரியுது லோர்னா," என்றார். "எல்லாம் தெரியுது."

திரும்பிப் பார்த்தார். பின்னால் சாய்ந்த அவர் மண்டை லோர்னாவின் மூக்குக்கண்ணாடியில் மோதியிருந்தது. கண்ணாடியின் விளிம்பு அவள் வலது புருவத்தில் சுத்தமாக, அழகாக, ஒரு பிறையை வெட்டியிருந்தது. அவள் கைக்குட்டையால் அதை அழுத்திக்கொண்டே இன்னமும் இடது காதுமூடியை விடாமல் பிடித்திருந்தாள்.

"நிமிந்து பாரு ஆரின்," என்றாள். "உன் கண்ணைக் காட்டு முதல்ல."

வெட்டு காய்வதற்குள் கடைக்குப் போக வேண்டும் என்பது விதி. சாயங்காலம் நாலு மணிக்குப் போனார்கள். ஸ்கோப் கடிக்காததை அரைநிலா என்று எடுத்துக்கொள்ளலாமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. பாதிரியார் கூடாது என்றார், பெல்கி கூடும் என்றார். கடைசியில் டெல்ஃபின் வெட்டைக் கிட்டத்தில் பார்த்து, சுட்டது ஆரின், கடிபட்டது லோர்னா, கடித்தது ஆரினின் மண்டை, துப்பாக்கி கழுதை என்றால் மண்டையும் அதே இனம்தான் என்று தீர்ப்புச் சொன்னாள். ஆரினுக்கு வைத்திருந்த புள்ளியை அழித்தாள். லோர்னாவின் பெயரை எழுதி, அரைநிலாவை மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். அடியில் பொடி எழுத்தில் தேதியும் காரணமும் எழுதினாள்.

லோர்னா பையில் ஒரு வாய் மட்டும் அவருக்குக் கொடுத்தாள். ஆரின் கடைக்கோடி மேசையில் உட்கார்ந்து மென்றுகொண்டே, கண்ணாடி இல்லாமல், ஒற்றைக் கண்ணால் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெல்ஃபின்," என்றார். "கீழ மூணாவது வரியில, மண்டைக்கு ரெண்டு சுழி 'ன' போட்டிருக்க. மூணு சுழி."